எடிசன் ஊரில் ஒரு ரேடியோ மெக்கானிக்

'பொழுது போகலை' என்று சொல்லும்போது நாம் பழியைப் பொழுதின் மேல் போடுகிறோம். என்னவோ நாம் தயாராக நிற்பது போலவும், அதுதான் நகர மாட்டேன் என்று அடம் பிடிப்பது போலவும். தேனாம்பேட்டையில் நாற்பது வருடம் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவன் நான். அத்தனை வருடத்தில் இந்த வார்த்தையைச் சொன்னதாக ஞாபகம் இல்லை. 2019 மே மாதக் கடைசியில், நியூஜெர்சியில் மகள் வீட்டு சோஃபாவில் உட்கார்ந்துகொண்டு முதல் தடவையாகச் சொன்னேன். அமெரிக்கா வந்து அப்போது ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

இது எங்கள் பக்கத்துப் பெற்றோர் எல்லோருக்கும் தெரிந்த கதை. தேனாம்பேட்டை, மயிலாப்பூர், அடையாறு என்று எந்தத் தெருவில் கேட்டாலும், 'ஆறு மாசம் பொண்ணு வீட்டுக்குப் போயிருக்காங்க' என்று பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டைக் காட்டுவார்கள். அமெரிக்கத் துணைத் தூதரகம் ஜெமினி மேம்பாலத்தை ஒட்டி இருக்கிறது. என் கடையிலிருந்து நடந்தே போய்விடலாம். ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறவர்களை வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் நானும் என் மனைவியும் அந்த வரிசையில் நின்றோம்.

எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைப்பது பி-2 விசா. விமான நிலையத்து அதிகாரி பெரும்பாலும் ஆறு மாதம் தங்க அனுமதி தருவார். ஊர் சுற்றலாம், உறவினர் வீட்டில் இருக்கலாம், வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். சம்பாதிக்கக் கூடாது. அந்த நாட்டுச் சட்டப்படி நாம் ஆறு மாதமும் விருந்தாளிதான். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம்.

என் மனைவிக்கு இந்தத் தொல்லையே இல்லை. மகளுக்குப் பிரசவம். பத்தியச் சாப்பாடு, பூண்டுக் குழம்பு, லேகியம், குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவது என்று விடிந்ததிலிருந்து அவளுக்கு வேலை சரியாக இருந்தது. "நீங்க கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்பாள். தள்ளித் தள்ளி கடைசியில் ஜன்னல் ஓரத்துக்கு வந்து சேர்ந்தேன். பெண்கள் எங்கே போனாலும் அவர்களுடைய வேலை கூடவே வந்துவிடுகிறது. அது வரமா சாபமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்த ஜன்னலோரத்தில் இருந்து பார்த்தபோது பொறாமையாகத்தான் இருந்தது.

மகள் இருந்த ஊரின் பெயர் எடிசன். தாமஸ் ஆல்வா எடிசனேதான். 1876-இல் அவர் தன் ஆய்வுக்கூடத்தை அமைத்த மென்லோ பார்க் இந்த ஊருக்குள்தான் வருகிறது. 1877-இல் ஃபோனோகிராஃப், 1879-இல் எரிந்து நின்று காட்டிய பல்பு, இரண்டும் இங்கே பிறந்தவை. ஊருக்கு அவர் பெயரை வைத்தது 1954-இல். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை காரில் கூட்டிப் போனார். தலையில் பெரிய கண்ணாடி பல்பைத் தாங்கி நிற்கும் ஒரு கோபுரம், பக்கத்தில் சின்ன அருங்காட்சியகம், அவ்வளவுதான். பழைய ஆய்வுக்கூடம் அங்கே இல்லை. ஹென்றி ஃபோர்டு அதை மிச்சிகனில் தன் காட்சி ஊரில் மறுபடி எழுப்பிவிட்டார். ரிச்சி தெருவில் எடுபிடிப் பையனாகத் தொழில் கற்றுக்கொண்ட எனக்கு அந்த வெறும் புல்தரையைப் பார்த்ததே போதுமானதாக இருந்தது. பருத்தி நூல், மூங்கில் என்று கிடைத்ததையெல்லாம் கரியாக்கி, எது நின்று எரியும் என்று பார்த்த மனுஷன் நடந்த இடம்.

மறுநாள் முதல் வேலையை ஆரம்பித்தேன். தோசை மாவு புளிக்கவில்லை என்று மனைவி புலம்பிக்கொண்டிருந்தாள். வெளியே கோடை, உள்ளே ராத்திரி பகலாக ஏசி. சென்னையில் சாயங்காலம் ஆட்டி வைத்தால் காலையில் பாத்திரத்தை விட்டு வழியும் மாவு, இங்கே இரண்டு நாளானாலும் அசையாமல் கிடந்தது. ஒரு தெர்மோகோல் பெட்டி, ஒரு ஹோல்டர், ஒரு பிளக். எல்.இ.டி. பல்பு இதற்கு ஆகாது, அதில் சூடு கிடையாது. பழைய இழை பல்பு வேண்டும். அது தின்கிற மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சூடாகத்தான் போகிறது. வெளிச்சத்துக்கு மோசம், மாவுக்கு உத்தமம். 25 வாட் பல்பைப் பெட்டிக்குள் ஓரமாகப் பொருத்தி, மூடியில் இரண்டு ஓட்டை போட்டேன். காலையில் மாவு பொங்கியிருந்தது. "உங்க எடிசன் நல்லா இருக்கட்டும்" என்றாள்.

அடுத்தது தூளி. அங்கே வீடெல்லாம் மரச்சட்டமும் அட்டைச் சுவரும். கூரையில் கொக்கி கிடையாது. மரச்சட்டங்கள் வாங்கி வந்து ஒரு ஸ்டாண்டு செய்தேன். புடவை கட்டி, பத்து கிலோ அரிசி மூட்டையைப் போட்டு ஆட்டியும் பார்த்தேன். இரண்டு வார வேலை. மகள் வந்து பார்த்தாள். முகத்திலேயே தெரிந்தது.

"அப்பா, ரொம்ப நல்லா இருக்கு. ஆனா டாக்டர் ஸ்ட்ரிக்டா சொல்லியிருக்காங்கப்பா. கெட்டியான, சமமான படுக்கை, மல்லாக்கத்தான் படுக்க வைக்கணும், பக்கத்துல துணிகூட இருக்கக் கூடாதுன்னு."

"நீ தூளியில வளர்ந்தவதானேம்மா."

"ஆமாம்ப்பா" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

டாக்டர்கள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தூக்கத்திலேயே குழந்தைகள் மூச்சு நின்று போவதைத் தடுக்க அங்கே வைத்திருக்கும் விதி அது. அவள் பிள்ளை, அவள்தான் முடிவு செய்ய வேண்டும். ஸ்டாண்டைப் பேஸ்மென்டுக்கு இறக்கினேன், துணி காயப்போட ஆயிற்று. ஆனால் அன்று ராத்திரி ஒன்று புரிந்தது. இரண்டு வாரம் நன்றாகத்தான் போனது. பொழுது போக்க மட்டும்தான் செய்தேன் என்றால் எனக்கு வருத்தம் வந்திருக்கக் கூடாதே. நான் பொழுதுக்காகச் செய்யவில்லை. ஒருத்தர் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று செய்தேன்.

ஜூலையில் பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்தார். எண்பதைத் தாண்டியவர், தனியாக இருந்தார். மாவுப் பெட்டி கதையை மாப்பிள்ளை அவரிடம் சொல்லியிருக்கிறார். அவருடைய அம்மா சமையலறையில் வைத்துக் கேட்ட வால்வு ரேடியோ ஒன்று கராஜில் கிடந்தது. பார்க்க முடியுமா என்று கேட்டார்.

பின்பக்க அட்டையைக் கழற்றியதும் சிரித்துவிட்டேன். ஐந்து வால்வு. மூன்று 12 வோல்ட், ஒன்று 50, ஒன்று 35. கூட்டினால் 121. அந்த ஊர் லைன் வோல்டேஜ் 120. டிரான்ஸ்பார்மரே வேண்டாம் என்று ஐந்தின் இழைகளையும் வரிசையாகக் கோர்த்திருந்தார்கள். நம் ஊரில் இதே கணக்கில் 'யூ' வரிசை வால்வு போட்டு வந்த செட்டுகளைச் சிறு வயதில் கழற்றியிருக்கிறேன். கோயில் திருவிழா சீரியல் லைட் மாதிரிதான். ஒன்று போனால் எல்லாம் அணைந்துவிடும். டிரான்ஸ்பார்மர் இல்லாததால் பிளக்கைத் திருப்பிச் சொருகினால் சேஸிஸிலேயே கரண்ட் இருக்கும். பெரியவரிடம் கையைக் கிட்டே கொண்டுவர வேண்டாம் என்று சைகையில் சொன்னேன். என் இங்கிலீஷ் அவருக்குப் பாதி புரிந்தது. ரேடியோ பற்றிய பாதி முழுசாகப் புரிந்தது.

போயிருந்தது 35 வோல்ட் வால்வு. அவரே இன்டர்நெட்டில் தேடிப் பழைய சரக்கில் ஒன்று வாங்கினார். அந்தக் காலத்துக் கன்டென்சர்கள் எல்லாம் காய்ந்து கிடந்தன. மாற்றாமல் போட்டால் பாட்டை விட 'ஹம்' சத்தம்தான் அதிகமாக வரும். ஒரு சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், ஸ்க்ரூடிரைவர் செட் வாங்கிக்கொண்டேன். மூன்று வாரம் கழித்து ஒரு மாலையில், வால்வுகள் சிவந்து, அரை நிமிஷம் மௌனமாக இருந்து, நியூயார்க் செய்தி நிலையம் மீடியம் வேவில் பேசியது. பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு பர்ஸைத் திறந்து நாற்பது டாலர் நீட்டினார்.

மகள் பதறிப்போனாள். "வேணாம்ப்பா! விசிட்டர் விசாவில காசு வாங்கி வேலை செய்யக் கூடாது." எனக்கும் தெரியும். கையை விரித்துக் காட்டி வேண்டாம் என்றேன். மறுநாள் வாசலில் ஒரு பை நிறையத் தக்காளி இருந்தது. நியூஜெர்சி தக்காளி அந்த நாட்டிலேயே பேர் போனது. ஒரு வாரம் எங்கள் வீட்டில் தக்காளித் தொக்குதான்.

அதற்கப்புறம் டோஸ்டர் வந்தது, மேஜை விளக்கு வந்தது. காலையில் எழுந்ததும் 'இன்னிக்கு அந்த விளக்கைப் பார்க்கணும்' என்று நினைத்துக்கொண்டே பல் தேய்ப்பேன். ஒருவர் காத்திருக்கிறார் என்ற நினைப்பு.

படித்தவர்கள், பெரிய மனிதர்கள் விஷயத்திலும் இதைக் கவனித்திருக்கிறேன். வ.வே.சு. ஐயர் 1910-இல் பிரிட்டிஷ் போலீஸுக்குத் தப்பிப் புதுச்சேரி வந்து பத்து வருடம் அங்கே இருந்தார். பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரி அன்றைக்கு வெளிநாடுதான். 1914 செப்டம்பரில் எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்ட பிறகு நெருக்கடி கூடியது. ஆப்பிரிக்காவுக்கு நாடு கடத்தி விடுவார்கள் என்ற பயமும் இருந்தது. அந்த நாட்களில்தான் அவர் 1330 குறளையும் இங்கிலீஷில் மொழிபெயர்த்தார். நாளை என்ன ஆகும் என்று தெரியாதவர் எதற்கு அதைச் செய்தார்? வாங்கிக்கொள்ள எங்கேயோ ஆள் இருக்கிறது என்று நம்பியிருக்க வேண்டும். அவருடைய வேலையையும் என் டோஸ்டரையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனால் அடைபட்டுக் கிடக்கும் மனிதனின் கை எதைத் தேடும் என்பதில் பெரியவர், சின்னவர் வித்தியாசம் அவ்வளவாக இல்லை.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. புதிதாக வாங்கிய ஸ்க்ரூடிரைவர்களையும் சால்டரிங் அயர்னையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஓக் ட்ரீ ரோட்டில் வாங்கிய பொரி கடலை படைத்தேன். ஹாலோவீன் நெருங்கியதால் தெருவில் ஒவ்வொரு வாசலிலும் பெரிய பெரிய மஞ்சள் பூசணி. ஒன்றைக்கூட நடு ரோட்டில் போட்டு உடைக்க ஆளில்லை.

நவம்பரில் எங்கள் ஆறு மாதம் முடிந்தது. மகளுக்கு லீவு முடிந்து வேலைக்குப் போக வேண்டும். குழந்தையைக் காப்பகத்தில் விட அவளுக்கு மனமில்லை. மனைவி என்னிடம் சுற்றி வளைக்காமல் சொன்னாள்: "நான் இன்னும் ஆறு மாசம் இருக்கேங்க. கடைக்கு நீங்க போங்க." கெடு முடிவதற்குள் நீட்டிப்புக்கு விண்ணப்பித்தோம். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் நாங்கள் ஒரு மாதம் சேர்ந்தாற்போல் பிரிந்திருந்ததில்லை. விமானத்தில் பக்கத்து சீட்டில் யாரோ ஒரு பையன் தூங்கிக்கொண்டு வந்தான்.

2020 ஏப்ரலுக்கு அவளுக்கு டிக்கெட் போட்டிருந்தது. மார்ச் மூன்றாம் வாரத்தோடு சர்வதேச விமானங்கள் நின்றன. சென்னையில் எங்கள் தேனாம்பேட்டை மண்டலத்தில் கொரோனா எண்ணிக்கை தினமும் ஏறிக்கொண்டிருந்தது. நியூஜெர்சி நிலவரம் அதை விட மோசம். கடை மூடல், தெருவில் தகரத் தடுப்பு. இப்போது வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவள் அவள். பொழுது போகாதவன் சொந்த ஊரிலேயே நான்.

மே மாதம் ஒரு ராத்திரி வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். மாவுப் பெட்டி எரியவில்லை. பல்பை மாற்றியும் எரியவில்லையாம். மகளும் மாப்பிள்ளையும் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலையில் இருந்தார்கள்.

"பிளக்கைப் பிடுங்கிட்டியா?"

"பிடுங்கிட்டேன்."

"ரெண்டாவது தடவை பாரு."

"பிடுங்கிட்டேன்னு சொல்றேன்ல."

ஹோல்டரைக் கழற்றச் சொன்னேன். உள்ளே ஒரு ஒயர் விட்டிருந்தது. ஸ்க்ரூடிரைவரையே கையில் தொடாதவள், போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு, நான் சொல்லச் சொல்ல ஒயரைச் சீவி, முறுக்கி, ஸ்க்ரூவின் அடியில் வைத்து இறுக்கினாள். முக்கால் மணி நேரம் ஆனது. பல்பு எரிந்ததும் அவள் ஒன்றும் பேசவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவருக்குத் தினமும் வாசலில் இரண்டு இட்லி வைத்துவிட்டு வருவதாகவும், மாவு இல்லையென்றால் அவருக்கு இட்லி இல்லை என்றும் அப்புறம்தான் சொன்னாள். அதற்குப் பிறகு வாரம் ஒரு தடவையாவது ஏதாவது ஒன்றைக் கழற்றி வைத்துக்கொண்டு கூப்பிடுவாள். எல்லாமே நிஜமாக ரிப்பேரானவைதானா என்று நான் கேட்கவில்லை.

ஜூலையில் வந்தே பாரத் விமானத்தில் டெல்லி வந்து, தனிமைப்படுத்தல் முடித்து, சென்னை வந்து சேர்ந்தாள். பெட்டியில் என் சால்டரிங் அயர்ன் இருந்தது. 120 வோல்ட் அயர்ன். இங்கே 230-இல் சொருகினால் புகைந்துவிடும். "தெரியும், ஆனா உங்களோடதாச்சே" என்றாள்.

இப்போது ஆறு மாதம் கிளம்புகிறவர்கள் கடைக்கு வந்தால் நான் சொல்வது இரண்டுதான். ஸ்க்ரூடிரைவரைக் கைப்பையில் வைக்காதீர்கள், பெரிய பெட்டியில் போடுங்கள். போய் இறங்கியதும் அந்த வீட்டில் எது ஓடவில்லை என்று பாருங்கள். இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

மகள் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டாள். பெற்றோருக்கு கிரீன் கார்டு எடுக்கலாம், அதில் வேலைகூடச் செய்யலாம், கடையை மூடிவிட்டு வந்துவிடுங்கள் என்கிறாள். மனைவிக்கு ஆசை இருக்கிறது, பேரன் ஸ்கூலுக்குப் போகிறான். கடைக்கு மாதத்தில் நாலைந்து பேர்தான் வருகிறார்கள். ஆனால் அந்த நாலைந்து பேருக்கும் வேறு ஆள் கிடையாது. விண்ணப்பத்தை மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். இன்னும் கையெழுத்துப் போடவில்லை.