தண்டனை சரி... விழுந்தது யார் தலையில?

நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனை ஒரு உலக சாம்பியன் "வெள்ளரிக்காய்"னு திட்டின கதை தெரியுமா மக்களே? ஜெர்மன்காரங்க பேச்சுல, வண்டி ஓட்டத் தெரியாதவனுக்கு அதுதான் பேராம். சாம்பாருக்குக்கூட ஆகாத காயா பார்த்துத்தான் பிடிச்சிருக்காங்க :-)

2012 மார்ச் 25, மலேசியாவுல செபாங் மைதானம், ஃபார்முலா 1 ரேஸ். செபாஸ்டியன் வெட்டல் நாலாவது இடத்துல போய்க்கிட்டு இருந்தார். பின்தங்கி இருந்த நரேனைத் தாண்டிப் போகும்போது ரெண்டு காரும் உரசிடுச்சு. வெட்டலோட பின் டயர் கிழிஞ்சு, கடைசியில 11வது இடம். பாயிண்ட் பூஜ்யம். நாலாவதா வந்திருந்தா 12 பாயிண்ட். கோபம் வரத்தான் செய்யும். நடுவருங்க விசாரிச்சு, நரேனோட நேரத்துல 20 வினாடி சேர்த்துட்டாங்க. 21வது இடத்துல முடிச்சவர் 22க்கு இறங்கினார்.

நான் ஒதுங்கித்தான் போனேன், அதுக்கு மேல இடமில்லைங்கிறது நரேன் தரப்பு. தாண்டி முடிக்கறதுக்குள்ள வெட்டல்தான் அவசரமா உள்ளே வந்துட்டார்னு சொன்னவங்களும் உண்டு.

இதே ரேஸ்ல இன்னொண்ணும் நடந்தது. நிறைய பேருக்கு ஞாபகம் இருக்காது. அன்னிக்கு மழை. நரேனோட டீம் எச்ஆர்டி, மைதானத்துலயே மெதுவான கார். ஆனா ஆரம்பத்துலயே முழு மழை டயர் போட்டு இறங்கினதால, மழைக்காக ரேஸை நிறுத்தினப்போ அவர் 10வது இடத்துல இருந்தார்! திரும்ப ஆரம்பிச்சதும் அவரை முந்தப் போன ஜென்சன் பட்டன், நரேன் கார் மேல மோதித் தன்னோட முன் இறக்கையை உடைச்சுக்கிட்டார். பட்டனும் உலக சாம்பியன்தான். தப்பு என்னோடதுதான்னு அவரே ஒத்துக்கிட்டார். அவருக்குத் தண்டனை எதுவும் இல்லை.

ஒரே ரேஸ், ரெண்டு உரசல். தப்பை ஒத்துக்கிட்டவருக்கு ஒண்ணுமில்லை, தப்பே இல்லைன்னவருக்கு 20 வினாடி. பட்டன் இறக்கை உடைஞ்சு 14வதா வந்தார், அதுவே அவருக்குத் தண்டனைதானேன்னு கேட்கலாம். பாதி சரி. அப்படின்னா நடுவர் பார்த்தது யார் தப்புங்கிறதையா, யாரோட ரேஸ் கெட்டுச்சுங்கிறதையா? எனக்கு இந்த இடம்தான் உறுத்துது.

மெதுவா போறவன் நீலக் கொடி காட்டினா வழி விடணும்ங்கிறது ரேஸ் விதி. விதியில தப்பில்லை. எங்க கொல்லிமலை ரோட்டுலயும் இப்படி ஒண்ணு உண்டு. குறுகலான இடத்துல ரெண்டு வண்டி எதிர்ப்பட்டா, இறங்குற வண்டி நின்னு ஏறுற வண்டிக்கு வழி விடணும். எல்லா மலை ரோட்டுக்கும் சட்டமே இதுதான். 70 கொண்டை ஊசி வளைவுல ஏறுற பஸ் நடுவுல நின்னா, திரும்ப எடுக்கறது எவ்வளவு கஷ்டம்னு டிரைவர் அண்ணன்களைக் கேளுங்க. ஆனா இறங்குறவன் ஒதுங்கி நின்னுட்டா, ஏறுறவன் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம்னு அர்த்தம் இல்லை. வழி விடறவனுக்கு ஒரு கடமை இருந்தா, வழி வாங்கிக்கிறவனுக்கும் ஒண்ணு இருக்கு.

நம்ம ஊர்ல லாரியும் டிவிஎஸ் ஃபிஃப்டியும் மோதினா, யார் தப்புன்னு பார்க்கறதுக்கு முன்னாடியே கூட்டம் லாரி டிரைவர் சட்டையைப் பிடிச்சிடும். ரேஸ்ல அப்படியே தலைகீழ், சின்ன டீம்காரன் சட்டையைத்தான் பிடிக்கிறாங்க. ரெண்டு இடத்துலயும் அளவைப் பார்த்துத் தீர்ப்பு சொல்றோம்.

சரி, நியாயமான தண்டனைன்னா எப்படி இருக்கணும்? இதுக்கு அமெரிக்காவோட ஸ்டாக் கார் ரேஸ், அதாவது நாஸ்கார் பக்கம் போனா உதாரணம் கொட்டிக் கிடக்கு. நரேனும் அங்கே ஓட்டியிருக்கார், 2010ல நாஸ்காரோட டிரக் போட்டியில. அந்த வருஷம் ரசிகர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மிகப் பிரபலமான ஓட்டுநர் அவர்தான்!

ஸ்டாக் கார்னா ஷோரூம்ல விக்கிற காரை அப்படியே கொண்டுவந்து ஓட்டுறது. இப்போ அப்படி இல்லை, ஆரம்பத்துல அதுதான் விதி. 1949 ஜூன் 19, சார்லட்ல முதல் ரேஸ். முதல்ல வந்தவர் க்ளென் டன்னவே. பரிசோதனை பண்ணிப் பார்த்தா, பின்பக்க ஸ்பிரிங்கை மாத்தி வெச்சிருக்காங்க. அந்தக் கார் கள்ளச்சாராயம் கடத்தறதுக்குப் பயன்பட்ட கார், பாரம் தாங்கறதுக்காக அப்படி. வெற்றி போச்சு, ஜிம் ரோப்பர்னு இன்னொருத்தருக்குப் போனது. கார் சொந்தக்காரர் கேஸ் போட்டுப் பார்த்தார், கோர்ட்ல நிக்கலை. முதல் ரேஸ், முதல் வெற்றி, முதல் தகுதி நீக்கம், எல்லாம் ஒரே நாள்ல!

இவ்வளவு கறாரா ஆரம்பிச்சவங்க அப்புறம் தலைகீழா மாறிட்டாங்க. 1983ல சார்லட்லயே ரிச்சர்ட் பெட்டி ஜெயிச்சார். அவர் அங்கே ராஜா மாதிரி, மொத்தம் 200 வெற்றி. பரிசோதனையில எஞ்சின் அளவு விதியைவிடப் பெருசு, டயரும் மாத்திப் போட்டிருக்காங்க. 35,000 டாலர் அபராதம், 104 பாயிண்ட் வெட்டு. ஆனா வெற்றி மட்டும் அவர்கிட்டயே இருந்தது! பார்த்துட்டு வீட்டுக்குப் போன ரசிகன், மறுநாள் ஜெயிச்சவர் வேறன்னு படிக்கக் கூடாதுங்கறது அவங்க காரணம். 2019லதான் இதை மாத்தி, விதிக்குப் பொருந்தாத காருக்கு வெற்றி கிடையாதுன்னாங்க. 2022 ஜூலையில போகோனோல முதல்ல வந்த டென்னி ஹாம்லினையும் ரெண்டாவது வந்த கைல் புஷ்ஷையும் தூக்கிட்டு, மூணாவது வந்த சேஸ் எலியட்டுக்கு வெற்றியைக் கொடுத்தாங்க. முன்பக்கம் ஒட்டியிருந்த கொஞ்சம் டேப்புக்காக! முதல் நிலைப் போட்டியில ஜெயிச்சவரோட வெற்றியைப் பறிச்சது 1960க்கு அப்புறம் அதுதான் முதல் தடவை. டேப்புக்குப் போய் இவ்வளவான்னு கேட்டவங்க உண்டு. எனக்கு இது சரியாத்தான் படுது. காப்பி அடிச்சு 90 மார்க் வாங்கினவன்கிட்ட 500 ரூபா ஃபைன் கட்டிட்டு மார்க்கை நீயே வெச்சுக்கோன்னா, அது ஃபைனா, விலையா? தப்பால கிடைச்சது எதுவோ அதைத்தான் முதல்ல பிடுங்கணும்.

அடுத்தது, அடி யார் மேல விழுது? 2013 செப்டம்பர் 7, ரிச்மண்ட். சாம்பியன்ஷிப்போட கடைசிக் கட்டத்துக்கு யார் போறாங்கன்னு முடிவாகிற ரேஸ். ரயன் நியூமன் முன்னணியில, இன்னும் ஏழு சுற்றுதான். மைக்கேல் வால்ட்ரிப் டீமோட க்ளின்ட் போயர் கார் திடீர்னு சுத்தி நின்னது. மஞ்சள் கொடி. அந்தக் குழப்பத்துல நியூமன் இடம் போய், அதே டீமோட மார்ட்டின் ட்ரூயக்ஸ் உள்ளே வந்துட்டார். வேணும்னே சுத்தினாரான்னு நிரூபிக்க முடியலை. ஆனா டீம் மேலாளர் இன்னொரு ஓட்டுநரைக் காரணமே இல்லாம பிட்டுக்குக் கூப்பிட்டது ரேடியோவுல பதிவாகி இருந்தது. டீமுக்கு 3 லட்சம் டாலர் அபராதம், மேலாளருக்குத் தடை, மூணு ஓட்டுநருக்கும் தலா 50 பாயிண்ட் வெட்டு.

கேட்க நியாயமாத்தான் இருக்கு. விளைவைப் பாருங்க. கடைசிக் கட்டத்துக்குப் பாயிண்ட் எல்லாம் புதுசா ஆரம்பிக்கும். அதனால சுத்தி நின்ன போயருக்கு 50 பாயிண்ட் வெட்டு ஒண்ணுமே பண்ணலை, அவர் உள்ளேயே இருந்தார். எதையும் செய்யாம தன் பாட்டுக்கு ஓட்டிக்கிட்டு இருந்த ட்ரூயக்ஸ் வெளியே போனார், நியூமன் உள்ளே வந்தார். ட்ரூயக்ஸோட ஸ்பான்சர் கைகழுவிட்டாங்க, வருஷக் கடைசியில அந்தக் கார்ல அவருக்கு இடமும் இல்லை. வேற டீம் போய் 2017ல சாம்பியன் ஆனார்ங்கிறது தனிக் கதை. ட்ரூயக்ஸ் அந்த இடத்தைத் தப்பா அடைஞ்சார், அதனால போனது சரிதான். ஆனா போயர் தப்பிச்சது எந்தக் கணக்கு? ஒரே அளவு தண்டனை எல்லாருக்கும்னா அது சமமா தெரியும், நியாயமா இருக்கணும்னு இல்லை.

மூணாவது, பணம். 2023ல ஹென்ட்ரிக் டீமோட நாலு கார்ல பானட்டுல இருக்கிற காத்துத் தடுப்பை மாத்தினாங்கன்னு தலைமை மெக்கானிக்குகளுக்குத் தலா 1 லட்சம் டாலர் அபராதம், கூடவே 100 பாயிண்ட் வெட்டு. அப்பீல்ல பாயிண்ட் திரும்பக் கிடைச்சது, அபராதம் அப்படியே நின்னது. அவ்வளவு பெரிய டீமுக்கு உண்மையிலயே வலிக்கக் கூடியது பாயிண்ட்தான். அது திரும்பி வந்துடுச்சு.

இங்கேதான் எங்க மலை ரோடு எனக்கு ஞாபகம் வருது. சனி, ஞாயிறு ஆனா காரவள்ளி அடிவாரத்துல இருந்து பைக் கூட்டம் ஏறும். பெரும்பாலும் ஒழுங்கா வர்றவங்கதான். சிலர் வளைவுல டைம் வெச்சு ரேஸ் விடுவாங்க. மோட்டார் வாகனச் சட்டம் 189வது பிரிவுப்படி பொது ரோட்டுல ரேஸ் குற்றம். 2019 திருத்தத்துக்கு முன்னாடி 500 ரூபாயா இருந்த அபராத உச்சவரம்பு இப்போ முதல் தடவைக்கு 5,000, மறுபடி மாட்டினா 10,000. சிறையும் உண்டு. பத்து மடங்கு ஏத்தியாச்சுன்னு சந்தோஷப்படலாம். ஆனா நாலு லட்ச ரூபா பைக்ல வர்றவருக்கு 5,000ங்கிறது ஒரு டயர் காசு. மிளகு பறிக்கப் போற வீட்டுப் பையன் மாமாவோட பழைய ஸ்ப்ளெண்டர்ல அதே தப்பைச் செஞ்சா, அந்த வீட்ல எத்தனை நாள் கூலி?

அதே 2019 திருத்தத்துல 199ஏன்னு ஒரு பிரிவு வந்தது. 18 வயசு ஆகாதவன் வண்டி ஓட்டித் தப்பு பண்ணினா, பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபா அபராதமும் மூணு வருஷம் வரை சிறையும். பையன் தப்புக்கு அப்பனான்னு முதல்ல தோணும். ஆனா எனக்குத் தெரியாம நடந்தது, இல்லைன்னா தடுக்க வேண்டியதை எல்லாம் செஞ்சேன்னு நிரூபிச்சா தப்பிக்கலாம்னும் அதுலயே இருக்கு. யார் என்ன செஞ்சாங்கன்னு தனித்தனியா பார்க்க ஒரு வாசல் வெச்சிருக்காங்க. ரிச்மண்ட்ல அந்த வாசல் இல்லை.

அப்போ பணத்துக்குப் பதிலா லைசென்ஸைக் கொஞ்ச நாள் நிறுத்தி வெச்சா? மூணு மாசம் எல்லாருக்கும் மூணு மாசம்தானே. நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு வந்தேன். ஆனா ஊர் சுத்திப் பார்க்க வந்தவருக்கு மூணு மாசம் பைக் இல்லைன்னா பஸ்ல போவார். செம்மேட்டுல இருந்து அன்னாசியும் வாழைத்தாரும் ஏத்தி இறக்குற வேன் டிரைவருக்கு மூணு மாசம் லைசென்ஸ் இல்லைன்னா வீட்ல அடுப்பு எரியாது. நேரம்கூட எல்லாருக்கும் ஒரே விலை கிடையாது போல.

அதனால எனக்கு இப்போதைக்குப் படுறது இவ்வளவுதான். தப்பால கிடைச்சதை முழுசா எடுத்துடணும். அதுல தயவே கூடாது, ராஜாவா இருந்தாலும். அதுக்கு மேல கொடுக்கிற அடியை ஆளைப் பார்த்து, செஞ்சதைப் பார்த்துக் கொடுக்கணும், கெட்டுப்போன ரேஸ் யாரோடதுன்னு பார்த்து இல்லை. இந்தக் கணக்குல நரேனோட 20 வினாடி எனக்கு இன்னும் செரிக்கலை. அந்த உரசலால அவருக்கு எதுவும் கிடைக்கலை, பிடுங்க ஒண்ணுமே இல்லை. கடைசி இடத்துக்காரருக்கு ஒரு இடம் இறங்கறது பெரிய நஷ்டமும் இல்லைதான். ஆனா தப்பு இவர் பேர்லன்னு பதிவாயிடுச்சு. வெட்டல் அந்த வருஷம் 3 பாயிண்ட் வித்தியாசத்துல அலோன்சோவை ஜெயிச்சு சாம்பியன் ஆயிட்டார். ஆகாம போயிருந்தா இந்த வெள்ளரிக்காய் கதையை இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்டியிருப்பாங்க!

அன்னிக்கு நடுவர் நாற்காலியில நீங்க இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? வெட்டல் ரசிகர்களும் தாராளமா வந்து திட்டிட்டுப் போகலாம், காய்கறி பேர் மட்டும் வேண்டாம் :-)