பின் சக்கரத்தின் அடக்கம்

அரபு மொழியில் அறிவுக்கு ‘அக்ல்’ என்று பெயர். ஒட்டகத்தின் முன்காலை மடக்கிக் கட்டுவதையும் அதே வேர்ச்சொல்தான் குறிக்கிறது. கட்டும் கயிறு ‘இகால்’. மதரஸாவில் பல்லாண்டுகளாக நான் மாணவர்க்குச் சொல்லிவந்த இந்த உறவின் ஆழத்தை எனக்கு விளக்கியது, கொல்லிமலைப் பாதையில் ஓடும் ஒரு பழைய அம்பாசடர் கார்.

மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலேறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றைக் கடந்து சென்றால் சோளக்காடு. அங்கே மிளகு வாங்கி நாமக்கல்லில் விற்பது என் தங்கை மகனின் தொழில். அவன் அத்தா விட்டுச்சென்ற வண்டி அது. வங்கத்து உத்தரபாராவில் 2014 வரை உருவான அம்பாசடர்களுள், நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக் உடைய பழைய வகை.

“மாமா, பின்பிரேக்குக்குப் பெரிய சிலிண்டர் போடப் போகிறேன். மிதித்தவுடன் நிற்க வேண்டும்” என்றான். மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு மலை இறங்குபவனின் கவலை அது. லாரி வேலையில் தலை நரைத்த நாமக்கல் மெக்கானிக் ஒருவரிடம் வண்டியை ஒப்படைத்தோம்.

அவர் டிரம்மைக் கழற்றிக் காட்டினார். உள்ளே பிறை வடிவில் இரண்டு கட்டைகள். எண்ணெயின் அழுத்தம் சிலிண்டர் வழியே அவற்றை விரித்துச் சுழலும் டிரம்மின்மீது உரசச் செய்கிறது. முன்சக்கரங்களில் இரண்டு கட்டைகளுமே, வண்டி முன்னோக்கி ஓடும்போது சுழற்சியால் இழுக்கப்பட்டு மேலும் இறுகும்படி அமைந்தவை. வண்டி பின்னோக்கி உருண்டால் அந்த உதவி அற்றுப்போகும். பின்சக்கரத்திலோ எத்திசையில் உருண்டாலும் ஒரு கட்டை இறுகும். கைப்பிரேக்கும் அங்கேதான் பிடிக்கிறது. ஆகவே ஏற்றத்தில் எஞ்சின் அணைந்து வண்டி பின்வாங்கினால் பின்சக்கரமே பெருந்துணை.

“அப்படியானால் அதைப் பலமாக்குவது நல்லதுதானே?” என்றேன்.

“இல்லை ஹஜ்ரத். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் பாரம் முன்னால் சாயும், பின்பக்கம் லேசாகும். லேசான சக்கரத்தை இறுக்கிப் பிடித்தால் அது சுழலாமல் வழுக்கும். வண்டியின் வால் முன்னால் திரும்பிவிடும்.”

சிலிண்டரின் அளவை அவர் மாற்றவில்லை. கசிந்தவற்றை நீக்கி அதே அளவில் புதியவை பொருத்தினார். வட்டம் கெட்ட டிரம்களை மாற்றினார். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கக்கூடும், அதன் தூள் நுரையீரலுக்குத் தீங்கு என்பதால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுத்தார். கல்நார் இல்லாத லைனிங் ஒட்டினார். ஒரே எண்ணெய்ப் பாதை நான்கு சக்கரங்களுக்கும் சென்றால் ஓரிடத்துக் கசிவு அனைத்தையும் முடக்கும். எனவே முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிப் பாதை தரும் மாஸ்டர் சிலிண்டரை அமைத்தார். அவர் செய்த பெரிய முன்னேற்றம் இதுவே.

ஆயினும் வெப்பம் என்னும் பகை எஞ்சியிருக்கிறது. ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள வண்டி 1,000 மீட்டர் இறங்குவதை முழுவதும் பிரேக்கே தாங்குமாயின், பிறக்கும் வெப்பம் 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். சூடேறிய டிரம் விரிந்து கட்டையை விட்டு விலகுகிறது. லைனிங்கின் பிடிப்பும் தளர்கிறது. ‘டாட் 4’ வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் 230 பாகை வரை கொதிக்காது; காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சியபின் அந்த எல்லை 155 பாகைவரை இறங்கிவிடலாம். எண்ணெய் கொதித்து ஆவியானால், மிதிக்கும் கால் வெறுமையில் இறங்கும்.

இதற்கு மருந்து பட்டறையில் இல்லை, ஓட்டுநரின் கையில் இருக்கிறது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்குக்கு இடையிடையே ஓய்வு கிடைக்கும். “நான் செய்த வேலையை நம்பி வேகமாக இறங்கிவிடாதே, தம்பி” என்றுதான் அவர் சாவியைக் கொடுத்தார்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டச் சொன்ன நபிமொழியை நம் வீடுகளில் அறியாதார் இல்லை. அங்கே ‘கட்டு’ என்பதற்கு வரும் சொல்லும் ‘அக்ல்’ என்னும் வேரிலிருந்து பிறந்ததே. பழைய வண்டியைப் போற்றி வைத்திருக்கும் குடும்பத்தார், வண்ணம் பூசுவதற்கு முன் அதன் டிரம்களைத் திறந்து பார்க்கட்டும். பிரேக் எண்ணெயை இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் மாற்றட்டும். என் மருமகன் இப்போது இரண்டாம் கியரில்தான் மலை இறங்குகிறான். வீடு வந்து சேரச் சற்றுத் தாமதமாகிறது. பிள்ளைகள் பின்னிருக்கையில் உறங்கிவிடுகிறார்கள்.