கூரையில் விளையும் மின்சாரம்

சேலம், நாமக்கல் சமவெளிக்கு மழை சில வருஷங்களில் வரும். சில வருஷங்களில் வராது. வெயில் ஒரு வருஷமும் தவறியதில்லை. சேலத்திலிருந்து தெற்கே மல்லூர், ராசிபுரம், புதுச்சத்திரம் வழியாக நாமக்கல்லுக்குச் செல்லும் ராஜபாட்டையில் பகற்பொழுதில் பிரயாணம் செய்தவர்களுக்கு இதை நாம் சொல்ல வேண்டியதில்லை. கிழக்கே மலைகள் நீலமாய்க் குளிர்ந்து நிற்க, கீழே மரவள்ளிக் காடுகளும், கோழிப் பண்ணைகளின் நீண்ட கொட்டகைகளும் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும்.

சென்ற மாசி மாதத்தில் நண்பர் ஒருவருடைய மின்சார மோட்டாரில் இவ்வழியே சென்றோம். என்ஜின் சப்தமே இல்லாமையால், சாலையோரத்து ஆடுகள் கடைசி நிமிஷம் வரையில் நம்மை லட்சியம் செய்யவில்லை. “பெட்ரோல் ஏதுங்க? என் வீட்டுக் கூரைதான் இந்த வண்டியை ஓட்டுகிறது” என்று நண்பர் பெருமிதத்துடன் கூறினார். உபாத்தியாயர் தொழில் பழக்கத்தால், உடனே கணக்குப் பார்க்கத் தொடங்கினோம்.

நண்பர் வீட்டு மாடியில் 3 கிலோவாட் சூரியத் தகடுகள் இருக்கின்றன. 2024இல் மத்திய சர்க்கார் ஆரம்பித்த திட்டத்தில் இந்த அளவுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. நம் பக்கத்து வெயிலில் சராசரியாக நாளொன்றுக்கு 12 யூனிட் விளையும். வீட்டுச் செலவு 6 போக, மிச்சம் 6. சிறிய வண்டியானால் ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் ஓடும். நாமக்கல்லுக்குப் போய்த் திரும்ப ஏறக்குறைய 110 கிலோமீட்டர். அதாவது 16 யூனிட். இரண்டே முக்கால் நாள் மிச்சத்தைச் சேர்த்து வைத்தால் ஒரு நாமக்கல் யாத்திரை! மோசமில்லை.

ஆனால் சேர்த்து வைப்பது எங்கே? அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. சூரியன் உச்சியில் நிற்கும் வேளையில் நண்பரின் வண்டி வீட்டில் நிற்பதில்லை. ஆபீஸ் வாசலில் நிற்கிறது. மிச்ச மின்சாரம் கம்பி வழியே ஊருக்குப் போய்விடுகிறது. இரவில் வண்டிக்கு வேண்டியதை ஊரிலிருந்து வாங்குகிறார்கள். மீட்டர் கொடுத்ததையும் வாங்கியதையும் தனித்தனியே எண்ண, மின்வாரியம் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துக்கொள்கிறது. நண்பரின் தாயார் இதை நம்மைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: “பகலெல்லாம் நம்ம கரண்ட் ஊருக்குங்க, ராத்திரி ஊரு கரண்ட் நமக்குங்க.”

பணக் கணக்கில் நண்பர் சொல்வது வாஸ்தவமே. மின்சாரக் கணக்கில் அப்படியல்ல. மாலை ஆறு மணிக்குமேல் ஊரெல்லாம் விளக்கேற்றும் வேளையில் சூரியன் உதவிக்கு வருவதில்லை. 1934இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையோ, பாசனத்துக்குத் தண்ணீர் விடும் காலத்தில்தான் தாராளமாக மின்சாரம் தரும். ஆகவே இரவு வண்டிக்குள் ஏறுவதில் பெரும் பங்கு நிலக்கரியின் மின்சாரம்.

இதை அறிந்தபின் நண்பர் வழக்கத்தை மாற்றிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வண்டியைச் செருகியில் மாட்டிவிடுகிறார். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. 15 ஆம்பியர் செருகி மணிக்கு 3 யூனிட்டுக்கு மேல் இழுக்கும். கூரையோ நடுப்பகலில் 2 யூனிட்டுக்குச் சற்று அதிகமாகத்தான் கொடுக்கும். எனவே 10 ஆம்பியருக்குக் குறைத்து வைக்கிறார். மெதுவாக ஏறினாலும் பெரும்பாலும் சொந்த விளைச்சல்!

வெயில் வேறு, சூடு வேறு என்பதையும் அவரிடம் கற்றோம். தகடு சூடேறினால் விளைச்சல் குறையும். அதனால் கத்திரி வெயிலைவிட மாசி, பங்குனியே உத்தமம். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் வந்து கணக்கைக் கெடுக்கும். லாரிகள் கிளப்பும் புழுதியைக் கழுவ வேண்டும். ஆழ்துளைக் கிணற்று உப்புநீரில் கழுவினால் வெள்ளைக் கறை படியும். ஊரில் மின்சாரம் நின்றால், பட்டப்பகலிலும் இந்தக் கூரை வேலை செய்யாது! கம்பத்தில் ஏறியிருக்கும் தொழிலாளியை நம் வீட்டு மின்சாரம் தாக்கிவிடக் கூடாதென்றே அவ்வாறு அமைத்திருக்கிறார்கள். நியாயமான ஏற்பாடு.

நாமக்கல் கோட்டைப் பாறையின் கீழ் இளநீர் அருந்தியபோது நமக்கு ஒன்று தோன்றிற்று. பகலில் வண்டிகள் நிற்கும் இடம் பள்ளியும் ஆபீஸுமே. அங்கே விசாலமான கூரைகள் சும்மா கிடக்கின்றன. செருகிகளையும் அங்கேயே வைத்தால், சூரியனிடமிருந்து நேரே வண்டிக்கு ஏறிவிடுமே? வாடகை வீட்டில், சொந்தக் கூரை இல்லாமல் இருக்கும் சக உபாத்தியாயர்களுக்கும் பங்கு கிடைக்கும். திரும்பி வந்ததும் பள்ளி நிர்வாகத்திடம் பிரஸ்தாபித்தோம். முதலில் கூரை ஒழுகுவதை அடைக்க வேண்டுமென்றார்கள். கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறது.