உட்கார ஓர் இடம்

லூமுட் படகுத்துறைக்கு உச்சிவெயில் நேரத்தில் போனால் ஒன்று உடனே கண்ணில் படும். கடலை ஒட்டிச் செலவு செய்து போட்ட நீண்ட நடைபாதை வெறிச்சோடிக் கிடக்கும். ஆட்கள் இல்லாமலில்லை. பங்கோர் படகுக்குக் காத்திருக்கும் கூரையின் கீழே இருப்பார்கள், பஸ் நிலையத்தில் இருப்பார்கள், நெத்திலியும் கருவாடும் விற்கும் கடைகளின் முன் வராந்தாவான ஐந்தடியில் இருப்பார்கள். கடலைப் பார்க்கவென்று கட்டிய இடத்தை விட்டுவிட்டு, கடலுக்கு முதுகு காட்டிக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருப்பார்கள்.

மாலை ஆறு மணிக்கு மேல் அதே நடைபாதைக்கு உயிர் வந்துவிடும். கடற்படைத் தளத்துக் குடும்பங்கள், ஸ்ரீ மஞ்சோங்கிலிருந்தும் சித்தியவானிலிருந்தும் மோட்டார் சைக்கிளில் வரும் இளசுகள், தூண்டில் போடுகிறவர்கள், பிள்ளையை முன்னால் ஓடவிட்டுப் பின்னால் நடக்கும் தாய்மார்கள். மலாய், சீனம், தமிழ் மூன்றும் ஒரே காற்றில் கலந்து கேட்கும். ஆக, இடத்தில் குறையில்லை. அந்த இடத்தைப் பகல் முழுக்க வெயில் நம்மிடமிருந்து பறித்து வைத்திருக்கிறது. அதைத் தடுக்க வரைபடத்தில் யாரும் ஒரு கோடு போடவில்லை.

ஈப்போவில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் வரைபடம் போடுவது என் தொழில். அதனால் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் பார்ப்பது, காசு கொடுக்காமல் ஒருவர் எங்கே உட்காரலாம் என்பதைத்தான். உணவுக்கடையில் உட்கார ஒரு தே தாரிக்காவது வாங்க வேண்டும். பேரங்காடியில் கடைக்குள் நுழையும்வரைதான் மரியாதை. எதுவும் வாங்காதவரையும் எழுந்து போகச் சொல்லாத இடம்தான் பொதுவிடம். அப்படி ஓர் இடத்தை முன்கூட்டியே யோசித்துக் கட்ட முடியுமா என்றால், முடியும். இருநூறு வருடத்துக்கு முன்பே கட்டியிருக்கிறார்கள்.

அந்த ஐந்தடியைத்தான் சொல்கிறேன். 1822இல் சிங்கப்பூர் நகரத் திட்டக் குழுவுக்கு ராஃபிள்ஸ் இட்ட கட்டளைகளில் அது ஒன்று. வீடு கட்டுகிற ஒவ்வொருவரும் தெருப்பக்கம் ஒரு வராந்தா விட வேண்டும், அது எப்போதும் திறந்திருக்க வேண்டும், ஒரு வீட்டு வராந்தா அடுத்த வீட்டு வராந்தாவோடு சேர்ந்து தெரு நெடுகக் கூரையுள்ள பாதையாக வேண்டும். மலாய்க்காரர்கள் காக்கி லீமா என்று அழைக்கும் இந்த நடை, நீரிணைக் குடியேற்ற ஊர்களுக்கும் பிறகு ஈப்போ, தைப்பிங் போன்ற ஊர்களுக்கும் பரவியது. 1874 பங்கோர் ஒப்பந்தத்தோடு டிண்டிங்ஸ் வட்டாரம் பிரிட்டிஷார் கைக்குப் போனது. 1935இல்தான் பேராக்கோடு திரும்பச் சேர்ந்தது. அந்த டிண்டிங்ஸின் ஊர்தான் லூமுட். சிங்கப்பூரும் பினாங்கும் இருந்த அதே ஆட்சியின் கீழ் அறுபது வருடம் இருந்த ஊர்.

ஐந்தடியில் எனக்குப் பிடித்தது அதன் நியாயம். நிலம் கடைக்காரருடையது, நிழல் எல்லாருக்கும் உரியது. மழை பிடித்தால் யார் வேண்டுமானாலும் ஒதுங்கலாம், மூட்டையை இறக்கி வைக்கலாம், தூணில் சாயலாம். இன்று பல ஊர்களில் அது நலிந்துவிட்டது. ஒரு கடைக்காரர் தன் தரையை மட்டும் நான்கு அங்குலம் உயர்த்தி வழவழப்பான ஓடு பதித்திருப்பார், அடுத்தவர் பழைய சிமெண்டையே வைத்திருப்பார், அதற்கடுத்தவர் சரக்குப் பெட்டிகளை வெளியே அடுக்கியிருப்பார். முழங்கால் வலியுள்ள ஒரு பாட்டி அந்த வரிசையை நடந்து முடிக்க எத்தனை முறை ஏறி இறங்க வேண்டியிருக்கிறது என்று கூடவே நடந்து பார்த்தால் தெரியும். கடைசியில் அவர் ரோட்டில் இறங்கி வெயிலில் நடப்பார். சட்டம் கொடுத்த நிழலை நான்கு அங்குலம் பிடுங்கிக்கொள்கிறது.

நம் ஆட்களுக்குப் பொதுவிடத்தோடு இருந்த உறவு வேறு. அது தோட்டத்தில் உண்டானது. லூமுட்டைச் சுற்றி ஆயர் தாவார், சித்தியவான் பக்கமெல்லாம் பால்மரத் தோட்டங்கள் இருந்தன. தோட்டத்தைச் சொர்க்கமாக்கிப் பேசுவதை நான் ஏற்பதில்லை. லயங்களை வரிசையாக நிறுத்தியதும், துரை பங்களாவை மேட்டில் வைத்ததும் ஆட்களைக் கண்காணிக்கத்தான். பள்ளிக்கூடம்கூட, பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் நடத்தியாக வேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டம் சொன்னதால் வந்தது. கள்ளுக்கடைக்கு இருந்த கவனிப்பு பள்ளிக்கூடத்துக்கு இல்லாத தோட்டங்கள் எத்தனையோ. சாதி பார்த்து லயம் பிரித்ததும் உண்டு.

ஆனாலும் அங்கே ஒன்று கூடி வந்திருந்தது. குழாயடி, ஆயாக் கொட்டகை, பால் ஸ்டோர், கோயில், பள்ளிக்கூடம், திடல் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருந்தன. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிறவள் பிள்ளையை ஆயாவிடம் விட்டுப் போவாள், திரும்பும்போது தூக்கி வருவாள். இரண்டு முறையும் வழியில் நாலு பேரைப் பார்க்காமல் வர முடியாது. திடல் ஒன்றுதான். சாயங்காலம் பந்து விளையாடுவார்கள், திருவிழாவில் தீக்குழி அங்கேதான், வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டுவதும் அங்கேதான். கல்யாணப் பந்தலும் சில நேரம் அங்கே வந்து நிற்கும். யாரும் முன்பதிவு செய்ததில்லை, வாடகை கட்டியதில்லை. திட்டம் போட்ட துரைக்கு அது பந்து விளையாடும் திடல். மற்ற எல்லாவற்றையும் அதில் ஏற்றியது மக்கள்.

இதன் அருமை புரிந்தவர்களில் ஒருவர் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி.சம்பந்தன். தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டி 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். காப்பாற்ற நினைத்தது வேலையை என்றுதான் எல்லாரும் எழுதுவார்கள். நிலம் கையில் இருந்த வரைக்கும் திடலும் கோயிலும் பள்ளியும் அதோடு சேர்ந்து நின்றன என்பதையும் நான் சேர்த்துச் சொல்வேன்.

பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, பல தோட்டங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் தாமான் வந்தது. 1980களிலிருந்து எவ்வளவோ குடும்பங்கள் பட்டணத்துக்கு வந்து சேர்ந்தன. மலிவு வீட்டுக்கு 25,000 வெள்ளி என்று விலை வரம்பு வைத்தார்கள். வீடு கிடைக்காமல் தவித்தவர்கள் கதை தனி. கிடைத்தவர்களுக்கும் வீடு மட்டும்தான் கிடைத்தது. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்தது கிடைக்கவில்லை.

ஒரு சாவு விழுந்தால் இது முழுதாகத் தெரியும். நான்காவது மாடி பிளாட். பெட்டியைப் படியில் திருப்ப முடியாது. தூக்குகிறவர்கள் செங்குத்தாக நிறுத்திப் பிடித்து இறக்குவார்கள். கீழே கார் நிறுத்துமிடத்தில் நாலு காரை நகர்த்தச் சொல்லிச் சாமியானா போட வேண்டும். தண்ணீர் வேண்டும், குழாய் இராது. இரண்டாம் மாடியிலிருந்து ரப்பர் குழாய் இறங்கும். லோங்காங் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். தேவாரம் பாடும்போது நடுவே ஒரு கார் ஹார்ன் அடித்து வழி கேட்கும். ஓட்டுகிறவர் கெட்டவரல்ல, அவர் வேலைக்குப் போக வேண்டும். அந்த இடத்தில் இரண்டு பேருக்குமே இடம் வைக்காமல் விட்டது வரைபடம்.

வரைபடம் போடுகிறவனாக அது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். வீடமைப்புத் திட்டத்தில் 10 விழுக்காடு திறந்தவெளி விட வேண்டும் என்பது வழிகாட்டி விதி. விதியை யாரும் மீறுவதில்லை. முதலில் ரோடு, பிறகு வீட்டு மனைகள், பிறகு கடைகள். கடைசியில் எங்கே மனை விழாதோ அங்கே பச்சை நிறம் பூசுவார்கள். அது பெரும்பாலும் பெரிய வாய்க்கால் ஓரத்து முக்கோணமாக இருக்கும், அல்லது மண்சரிவுள்ள மூலையாக இருக்கும். கணக்கு சரியாக வந்துவிடும். நடுவில் ஓர் ஊஞ்சலும் சறுக்குமரமும் வைப்பார்கள், மரம் இராது. மதியம் மூன்று மணிக்கு அந்தச் சறுக்குமரத்தில் கை வைக்க முடியாது.

பச்சையை முதலில் பூச வேண்டும் என்பதுதான் நான் இந்தத் தொழிலில் கற்றுக்கொண்டதன் சாரம். எங்கே பூசுவது என்று கேட்க வேண்டியது அங்கே குடியிருக்கப் போகிறவர்களிடம். இது கனவல்ல. இலங்கையில் மின்னெட் டி சில்வா என்ற பெண் கட்டடக் கலைஞர் 1950களின் பிற்பகுதியில் கண்டிக்குப் பக்கத்தில் வட்டபுளுவ வீடமைப்புத் திட்டத்தை வடிவமைத்தபோது, குடிவரப் போகும் அரசு ஊழியர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து அவர்களுடைய தேவைகளைக் கேட்டறிந்தார். அதை வைத்துப் பல மாதிரி வீடுகள் வரைந்தார், மலைச்சரிவை வெட்டித் தட்டையாக்காமல், ஏற்கெனவே இருந்த மரங்களோடு வீடுகளைப் பொருத்தினார். கணினி இல்லாத காலம். காகிதமும் பொறுமையும் போதுமாக இருந்தன.

இந்தியாவின் இந்தூரில் கட்டடக் கலைஞர் பி.வி.தோஷி 1980களில் வடிவமைத்த ஆரண்யா வீடமைப்பும் அப்படித்தான். பெரும்பாலும் ஏழைக் குடும்பங்களுக்கான 6,500 மனைகள். முழு வீடு கட்டிக் கொடுக்காமல் குழாயும் கழிப்பறையும் உள்ள மனையாகப் பலருக்குக் கொடுத்தார்கள். மிச்சத்தை அவரவர் கைக்கு ஏற்பக் கட்டிக்கொண்டார்கள். வாசலில் ஓட்டா என்கிற திண்ணைக்கும், வீடுகளுக்கு நடுவே முற்றத்துக்கும் முதலிலேயே இடம் குறித்துவிட்டார். பணக்காரர் வீட்டுக்குத் தோட்டம் எப்படியோ, இவர்களுக்கு அந்த முற்றம் அப்படி என்று அவர் நினைத்திருக்க வேண்டும். தோட்டத்து லயத்து வாசலில் உட்கார்ந்து வளர்ந்த எவருக்கும் அந்த வரைபடம் படிக்காமலே புரியும்.

லூமுட் படகுத்துறைக் கூரையின் கீழே ஒருமுறை என் பக்கத்தில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டியவராம். பங்கோரில் மகள் வீட்டுக்குப் போகிறார். "அங்க பெஞ்சு போட்டிருக்காங்களேம்மா, கடலைப் பாத்துக்கிட்டு உக்காரலாமே" என்றேன். "சாய முடியாது தம்பி, முதுகு இல்ல அதுக்கு. எந்திரிக்கிறப்ப பிடிச்சிக்க ஒண்ணும் இல்ல. கக்கூசும் தூரம்" என்றார். பிறகு யோசித்து, "ஒரு குழாய் வெச்சா நல்லாருக்கும்" என்று சேர்த்துக்கொண்டார். முதுகு, கைப்பிடி, கழிப்பறை, குழாய். வரைபடக் குறிப்பில் நான்கு வரியில் அடங்கிவிடும்.

நியூயார்க்கில் வில்லியம் வைட் என்பவர் சதுக்கங்களில் மக்கள் என்ன செய்கிறார்கள் என்று வருடக்கணக்கில் படம்பிடித்து ஆராய்ந்தார். உட்கார இடம் உள்ள இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள் என்பது அவர் கண்டதில் முக்கியமானது. கேட்டால் எளிதாகத் தெரியும், ஆனால் அதன் பேரில் 1975இல் அந்த நகரத்தின் விதியே மாறியது. சதுக்கத்தின் ஒவ்வொரு 30 சதுர அடிக்கும் ஓர் அடி நீளம் உட்காருமிடம் வைக்க வேண்டும் என்று எழுதினார்கள். அந்த அம்மா சொன்ன நான்கையும் அதே போல விதியாக எழுதிவிட்டால், நல்ல மனசுள்ள அதிகாரி வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

நல்ல உதாரணத்துக்கு ஈப்போவைத் தாண்டிப் போக வேண்டாம். டி.ஆர்.சீனிவாசகம் பூங்கா இருக்கிறது. முன்பு கொரோனேஷன் பூங்கா. 1969இல் மறைந்த, ஈப்போ மக்கள் தங்கள் வக்கீலாகவே நினைத்த நாடாளுமன்ற உறுப்பினரின் பெயரில் இன்று டி.ஆர். பார்க். காலையில் நடக்கிறவர்கள், மரத்தடியில் உடற்பயிற்சி செய்யும் சீன மூதாட்டிகள், சாலை விதி கற்றுக்கொடுக்கும் சின்ன ரோடுகளில் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள். அங்கே பெரிய கட்டடக்கலை எதுவும் இல்லை. பழைய பெரிய மரங்கள் இருக்கின்றன, ஊருக்கு நடுவில் இருக்கிறது. இரண்டையும் இன்று பணம் கொடுத்து வாங்க முடியாது. யாரோ அன்று விட்டு வைத்ததால் இன்று இருக்கிறது.

லூமுட்டில் இன்னும் விட்டு வைக்கலாம். மாசி மகத்தன்று பங்கோர் பத்திரகாளியம்மன் கோயிலுக்குக் கரையிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். அந்தக் கூட்டத்தைத் தாங்குகிற துறை, மற்ற நாளில் யாரையும் தாங்கும். பஸ் நிலையத்திலிருந்து படகுத்துறை வரைக்கும், அங்கிருந்து கடைவீடுகளின் ஐந்தடி வரைக்கும் ஒரே கூரை ஓட வேண்டும். கடற்கரை நெடுகப் புன்னை வைக்க வேண்டும். அது இந்தக் கரைக்கே உரிய மரம், உப்புக்காற்றைத் தாங்கும், நிழல் அடர்த்தி. மெதுவாகத்தான் வளரும் என்பதால் இந்த வருடமே நட வேண்டும், வளரும்வரை பந்தலாவது போட வேண்டும். கழிப்பறை கடைசிப் படகு வரும்வரை திறந்திருக்க வேண்டும்.

தாமான்களுக்குக் கேட்க வேண்டியது ஒன்றுதான் பெரிது: ஒவ்வொரு பிளாட் தொகுதியிலும் தரைமட்டத்தில் கூரையும் குழாயும் விளக்கும் உள்ள ஒரு திறந்த கூடம். கல்யாணமோ சாவோ கூழ் ஊற்றுவதோ, மலாய்க் குடும்பத்தின் கெண்டுரியோ, சீனக் குடும்பத்தின் ஏழாம் மாதப் படையலோ, காரை நகர்த்தச் சொல்லாமல் நடக்க வேண்டும்.

1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, உள்ளூர்த் திட்டத்தின் வரைவை மக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபணையும் கருத்தும் பெற்றாக வேண்டும். அந்தப் படங்களின் முன்னால் நம் ஆட்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நிறம் பூசிய பெரிய தாளைப் பார்த்துப் பயப்பட ஒன்றும் இல்லை. நம் தாமான் எங்கே என்று விரல் வைத்துக் கேளுங்கள், பச்சை எங்கே என்று கேளுங்கள், அது வாய்க்கால் ஓரமாக இருந்தால் எழுதிக் கொடுங்கள். படிவம் மலாயில் இருக்கும். நிரப்பிக் கொடுக்க எல்லாத் தாமானிலும் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.