பழுதைத் தேடும் பொறுமை

பழைய மிதிவண்டியைத் தூக்கி எறிய மனம் வராதவர்கள் உண்டு. சக்கரத்தின் நடுவே மோட்டாரைப் பொருத்தி, சட்டகத்தில் மின்கலத்தைக் கட்டி, அதனை மின்மிதிவண்டியாக மாற்றிக்கொள்கின்றனர். அதன்பின் மேட்டுச் சாலையும் எதிர்காற்றும் அவர்களை அச்சுறுத்துவதில்லை. ஆனால், ஒரு நாள் அந்த வண்டி திடீரென முரண்டு பிடிக்கும். முடுக்கியைத் திருகினால் சக்கரம் சுழலாமல் உதறும்; கடகடவென ஓசை எழுப்பும்; காலால் உந்தினால் மட்டுமே ஓடத் தொடங்கும். வாகனங்கள் விரைந்து வரும் சாலைச் சந்திப்பில் இப்படி நேர்ந்தால் ஓட்டுநரின் உயிருக்கே ஆபத்து.

மோட்டார் கெட்டுவிட்டது என்று பலரும் உடனே முடிவு கட்டிவிடுவர். புதியது வாங்கப் பணத்தையும் செலவழிப்பர். உண்மையில், கோளாறு விரல் நகத்தைவிடச் சிறிய ஓர் உணரியிலோ அதற்குச் செல்லும் மெல்லிய கம்பியிலோ இருக்கக்கூடும்.

மோட்டாரின் உள்ளே கம்பிச்சுருள்களும் காந்தங்களும் உள்ளன. எந்தச் சுருளுக்கு எந்த நொடியில் மின்சாரம் செலுத்த வேண்டும் என்பதைக் கட்டுப்பாட்டுக் கருவி முடிவு செய்கிறது. அதற்குக் காந்தம் நிற்கும் இடம் தெரிய வேண்டும். அதனைத் தெரிவிப்பவையே மூன்று ஹால் உணரிகள். 1879ஆம் ஆண்டில், அமெரிக்காவில் ஆய்வு மாணவராக இருந்த எட்வின் ஹால், மின்னோட்டம் பாயும் உலோகத் தகட்டின்மீது காந்தப்புலம் செயல்படும்போது அதன் குறுக்கே சிறு மின்னழுத்தம் தோன்றுவதைக் கண்டறிந்தார். அவர் பெயரே இவ்வுணரிக்கும் நிலைத்தது. மூன்று உணரிகளும் சேர்ந்து ஒன்றன்பின் ஒன்றாக ஆறு வகைக் குறிப்புகளை அனுப்புகின்றன. அவற்றுள் ஒன்று ஊமையானாலும் கருவி குழம்பித் தவறான சுருளுக்கு மின்சாரத்தை அனுப்பும். அதனால்தான் சக்கரம் உதறுகிறது.

பழுதைத் தேடுபவர் முதலில் மின்கலத்தின் இணைப்பைத் துண்டித்துவிட்டுக் கண்ணால் பார்க்க வேண்டும். மோட்டாரிலிருந்து வரும் தடித்த மூன்று கம்பிகள் சுருள்களுக்கு உரியவை. மெல்லிய ஐந்து கம்பிகள் உணரிகளுக்கு உரியவை. இணைப்பானுக்குள் மழைநீர் புகுந்திருக்கலாம், ஊசிமுனை வளைந்திருக்கலாம். அச்சு நுனியின் திருகாணி தளர்ந்தால், அச்சு சுழன்று கம்பிகளை முறுக்கி அறுத்துவிடும்.

கண்ணுக்கு எதுவும் புலப்படாவிட்டால் மல்டிமீட்டர் கைகொடுக்கும். சக்கரத்தைத் தரையில் படாமல் உயர்த்தி, இணைப்பைப் பிரிக்காமல், மின்கலத்தை மீண்டும் இணைக்க வேண்டும். பொதுவாகச் சிவப்புக் கம்பிக்கும் கறுப்புக் கம்பிக்கும் இடையே சுமார் 5 வோல்ட் இருக்கும். பிறகு கறுப்புக் கம்பியை அடிப்படையாகக் கொண்டு, மஞ்சள், பச்சை, நீலக் கம்பிகளை ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். சக்கரத்தைக் கையால் மெல்லப் பின்னோக்கிச் சுழற்றும்போது, அளவு சுழியத்துக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே மாறி மாறி வர வேண்டும். ஒரு கம்பியில் மட்டும் அளவு மாறவில்லையென்றால், அந்த உணரியையோ அதன் கம்பியையோ சோதிக்க வேண்டும். மூன்றும் அசையவில்லையென்றால், மூன்று உணரிகளும் ஒரே நாளில் கெட்டன என எண்ணுவதைவிட, அவற்றுக்குப் பொதுவான 5 வோல்ட் மின்வழியை முதலில் ஐயுறுவதே அறிவுடைமை.

இவ்வேலையில் அலட்சியம் கூடாது. அளவியின் முனை நழுவி இரு முனைகளை ஒருசேரத் தொட்டால் கட்டுப்பாட்டுக் கருவியே கருகிவிடலாம். எனவே, மாணவர்கள் அனுபவம் மிக்க பெரியவரின் துணையோடு மட்டுமே இதில் இறங்க வேண்டும். சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. சிங்கப்பூரில் நிலப் போக்குவரத்து ஆணையம் அங்கீகரித்த மின்மிதிவண்டிகளையே சாலையில் ஓட்டலாம். அவற்றை விருப்பம்போல் மாற்றியமைப்பது குற்றமாகும்.

நோய் இன்னதென்றும் அதன் காரணம் இன்னதென்றும் அறிந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்பது வள்ளுவர் காட்டும் வழி. அது மனித உடலுக்கு மட்டுமன்று, இயந்திரத்துக்கும் பொருந்தும். ஊகத்தால் பாகங்களை மாற்றுபவர் பணத்தை இழக்கிறார். நல்ல மோட்டாரும் குப்பைக்குப் போகிறது. ஒவ்வொன்றாக அளந்து பார்ப்பவரோ பழுதைக் கண்டுபிடிப்பதோடு, தம் வண்டி எவ்வாறு ஓடுகிறது என்பதையும் அறிந்துகொள்கிறார்.