காளிகாட்டில் மூன்று வாரங்கள்

தொண்டு வீட்டு வாசலில் தொடங்க வேண்டும் என்று பெரியோர் கூறுவர். அது மெய்யே. ஆயினும், வாசலைத் தாண்டிச் சென்றவர்களாலும் இவ்வுலகம் நன்மை அடைந்திருக்கின்றது. முதலாம் உலக யுத்தத்தில் பாழடைந்த பிரெஞ்சுக் கிராமமொன்றைக் கட்டியெழுப்ப, 1920ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்து நாட்டவரான பியர் செரசோல் பல நாட்டவரை அழைத்துச் சென்றார். நேற்றுவரை பகைவராயிருந்த ஜேர்மானியரும் அங்கு மண்வெட்டி பிடித்தனர். அவரே 1934இல் பீகாரைக் குலைத்த பூமியதிர்ச்சிக்குப் பின் இந்தியாவுக்கும் வந்து, வீடிழந்த கிராமத்தவர்க்குக் குடியிருப்புகள் எழுப்ப உழைத்தார். வகுப்பறையில் இவற்றைப் படித்த நாளிலிருந்தே, நாமும் ஒருநாள் கடல் கடந்து போய் ஏதேனும் செய்ய வேண்டும் என்ற அவா எம் உள்ளத்தில் முளைவிட்டிருந்தது.

2018 ஓகஸ்டில் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த நாம் ஐவர், எமது அருட்சகோதரி ஒருவரின் துணையுடன், 2019 ஜனவரியில் கொல்கத்தா செல்ல ஏற்பாடாயிற்று. செய்தி வீடுகளில் எட்டியதும் கேள்விகளும் எழுந்தன. "தனக்கு மிஞ்சித்தானே தானமும் தருமமும், பிள்ளை? இஞ்சை இல்லாத கஷ்டமே அங்கை?" என்று எம்மில் ஒருத்தியின் அம்மம்மா கேட்டார். அது எளிதில் தட்டிக்கழிக்கக்கூடிய கேள்வியன்று. கணவனை இழந்தோரும் பிள்ளைகளைத் தேடுவோரும் எமது ஒழுங்கைகளிலேயே இருக்கின்றார்கள். அவர்களை விட்டுவிட்டு வங்காளத்துக்குப் போவானேன்?

எம்முள் இருவருக்கு அக்கேள்வி இன்னும் கனமாக இருந்தது. அவர்கள் 2009இல், ஒன்பது வயதில், செட்டிகுளம் முகாமில் கோப்பையை நீட்டி வரிசையில் நின்றவர்கள். கடல் கடந்து வந்த தொண்டர்களின் கைகளிலிருந்து சோறும் சட்டையும் வாங்கியவர்கள். நல்ல முகங்களை அவர்கள் இன்றும் நினைவுகூருகின்றனர். சோற்றை வாங்கும் வேளையில் தம்மை நோக்கித் திரும்பிய கமராக்களையும் அவர்கள் மறக்கவில்லை. "வாங்கின கைக்கு ஒருக்காக் குடுத்தும் பார்க்க வேணும்" என்றாள் அவர்களில் ஒருத்தி. அந்த ஒரு வார்த்தையே எமக்குப் பயணச்சீட்டாயிற்று.

கொழும்பிலிருந்து விமானத்தில் சென்னை. சென்னை மத்திய நிலையத்திலிருந்து காலையில் புறப்படும் கொரமண்டல் கடுகதிப் புகையிரதத்தில் ஏறத்தாழ 1,660 கிலோமீற்றர். கோதாவரியின் நீண்ட பாலத்தைக் கடக்கும்போது மாலை வெயில் நீரிலே பொன்னுருக்கியது. எமது தீவின் ஆறுகளையே கண்ட எமக்கு, அக்கரை தெரிய இத்தனை நேரமாகும் ஆறு பெரு வியப்பாக இருந்தது. மறுநாள் நண்பகலளவில் ஹவுரா நிலையத்தில் இறங்கியபோது, எம்மைச் சுற்றி ஒலித்த மொழியில் ஒரு சொல்லும் எமக்குச் சொந்தமில்லை.

நாம் பணிபுரிந்த இல்லத்தின் பெயர் நிர்மல் ஹிருதய். தூய இதயம் என்பது பொருள். 1929இல் இந்தியா வந்து, கொல்கத்தாவின் என்டாலியில் ஆசிரியையாக இருந்து, பின்னர் சேரிகளுக்கு இறங்கிச் சென்ற அன்னை தெரேசா, 1952ஆம் ஆண்டில் அதைத் தொடக்கினார். தெருவோரம் கிடந்து இறப்போர்க்கு ஓர் இடம் வேண்டுமென்று அவர் கேட்டபோது, காளி கோயிலை அடுத்திருந்த யாத்திரிகர் மடத்தை மாநகர சபை வழங்கிற்று. 1997இல் அன்னை மறைந்தார். 2016இல் புனிதராக உயர்த்தப்பட்டார். கோயிலின் மணியோசையும் பூக்கடைக்காரரின் கூவலும் இன்றும் அவ்வில்லத்தின் சுவர்களைத் தாண்டி உள்ளே வருகின்றன.

நாள் அதிகாலையில் தொடங்கும். சபையின் தலைமை இல்லத்தில் ஆறு மணித் திருப்பலி. பின்னர் தொண்டர்களுக்குப் பாண், வாழைப்பழம், தேநீர். ஸ்பெயின், இத்தாலி, ஜப்பான், கொரியா எனப் பல நாட்டவரும் ஒரே மேசையைச் சுற்றி நின்று அதை உண்பர். அதன் பின் பஸ் ஏறிக் காளிகாட் செல்வோம். வியாழக்கிழமை தொண்டர்க்கு ஓய்வு.

எமக்கு முதல் நாள் கிடைத்த பணி உடுப்புத் துவைத்தல். இரவிலே அழுக்கான விரிப்புகளும் சட்டைகளும் போர்வைகளும் குவியலாகக் கிடக்கும். ஒருவர் சவர்க்காரமிட, அடுத்தவர் அலச, அதற்கடுத்தவர் பிழிய, வாளிகள் கைமாறி மேல்மாடிக்குச் செல்லும். ஈரக் கம்பளியொன்றைப் பிழிய இருவர் வேண்டும். அதுவும் எதிரெதிர்த் திசையில் முறுக்க வேண்டும். ஜனவரிக் குளிரில் விரல்கள் மரத்துவிடும். எமக்கு எதிரே நின்று முறுக்கிய ஜப்பானிய மாணவிக்கும் எமக்கும் பொதுமொழி கிடையாது. ஆயினும் மூன்றாம் நாளில், எப்போது இழுப்பது, எப்போது விடுவது என்பதில் எமக்குள் பிணக்கே இருக்கவில்லை.

துவைத்தல் முடிந்தால் உணவூட்டல். இங்கே எமக்கு ஆசிரியைகளாக அமைந்தவர்கள் அங்கு கூலிக்கு வேலைசெய்யும் பெண்கள். அவர்களை எல்லோரும் 'மாஷி' என்று அழைப்பர். அது வங்காளத்தில் சின்னம்மா, பெரியம்மா முறை. படுக்கையிலுள்ளவரின் தோளுக்குக் கீழே எவ்வாறு கைகொடுத்துத் தூக்குவது, முதல் வாய்ச் சோற்றை விழுங்கிய பின்னரே இரண்டாம் வாயை நீட்டுவது, கண்ணைப் பார்த்துக்கொண்டே ஊட்டுவது ஆகியவற்றை அவர்கள் செய்து காட்டினர். தொண்டர்கள் வருவர், போவர். மாஷிமார் ஆண்டு முழுவதும் அங்கேயே இருப்பர். அவ்வில்லத்தின் தூண்கள் அவர்களும் அருட்சகோதரிகளுமே. நாம் சில வாரங்களுக்குக் கிடைத்த மேலதிகக் கைகள், அவ்வளவே. அந்த அளவைத் தெரிந்துகொண்டபின் வேலை இலகுவாயிற்று.

நான்கு சொற்களே எமது வங்காளக் கல்வி. 'ஜோல்' என்றால் தண்ணீர். 'பாத்' என்றால் சோறு. 'ஆஸ்தே' என்றால் மெதுவாக. நான்காவது 'மா'. முதிய பெண்கள் எம்மைப் போன்ற இளம் பெண்களையும் 'மா' என்றே அழைப்பர். சாகுந் தறுவாயில் இருக்கும் ஒருவர், பத்தொன்பது வயதுப் பெண்ணைப் பார்த்து 'அம்மா' என்று கூப்பிடும்போது, அவள் எவ்வளவு விரைவாகத் தண்ணீர் எடுத்து ஓட வேண்டியிருக்கின்றது!

அவ்வில்லத்தினுள் படம் எடுக்க அனுமதியில்லை. தொண்டர்கள் தம் கைத்தொலைபேசிகளைப் பைகளில் வைத்துவிட்டே பணிக்கு வருவர். எம்மோடு வந்த வேறு நாட்டவர் சிலருக்கு அது ஏமாற்றமாக இருந்தது. வீட்டாருக்குக் காட்ட ஒன்றுமில்லையே என்றனர். செட்டிகுளத்தில் வரிசையில் நின்ற எம் தோழியர் இருவரும் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். உதவி பெறும் வேளையிலே தன் முகம் பிறருக்குக் காட்சிப் பொருளாகாதிருப்பது எத்துணை பெரிய மரியாதை என்பதை, கோப்பை நீட்டியவரே அறிவர்.

சுவரோரப் படுக்கையில் ஒரு பாட்டி இருந்தார். புகையிரத நிலையத்தில் நினைவிழந்து கிடந்தவரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள் என்று அறிந்தோம். அவருடைய பெயரைக் கூட ஒருவரும் உறுதியாகக் கூறவில்லை. அவர் நாள்தோறும் எம் கையைப் பிடித்து, "பாடி கொதாய்?" என்று கேட்பார். உன் வீடு எங்கே என்பது அதன் பொருள் என அருட்சகோதரி விளக்கினார். "ஸ்ரீலங்கா" என்றோம். அது எங்கிருக்கிறதென்று அவருக்குத் தெரியவில்லை. மறுநாளும் அதே கேள்வி. ஏன் இப்படி ஓயாமற் கேட்கிறார் என்று வினவியபோது, மாஷி ஒருவர் பாட்டியிடம் பேசிவிட்டுச் சிரித்தார். "விடிந்தால் இங்கே வந்து நிற்கிறார்களே, இந்தப் பிள்ளைகளுக்கு வீடு வாசல் இல்லையோ என்று கவலைப்படுகிறாள்" என்றார். தெருவிலிருந்து தூக்கிவரப்பட்டவர், எமக்கு ஒரு கூரை உண்டா என்று வருந்தியிருக்கின்றார்!

எமது ஊர்களிலும் முதற் கேள்வி அதுதான். எந்த ஊர்? எந்தப் பகுதி? ஆருடைய பிள்ளை? அன்பினாற் கேட்போரும் உளர். ஆனால், பதிலைக் கேட்டபின் கதிரையைத் தருவதா, திண்ணையைக் காட்டுவதா என்று முடிவுசெய்வோரும் உளர். கிணற்றடியிலும் பந்தியிலும் அக்கேள்வி எத்தனை பேரைத் தள்ளி நிறுத்தியிருக்கின்றது என்பதை நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமென்பதில்லை. காளிகாட்டில் எமக்கு அக்கேள்வியைக் கேட்க மொழியே இருக்கவில்லை. எந்தச் சமயம், எந்தச் சாதி, என்ன குலம் என்று அறியாமலே ஒருவரின் காலைக் கழுவினோம்; அழுக்கைத் துடைத்தோம்; எச்சில் வழிந்த வாயை ஒற்றினோம். அறிய வேண்டிய தேவை எதுவும் அந்த வேலையில் இல்லை என்பதைக் கைகள் கண்டுகொண்டன. அம்மம்மாவின் கேள்விக்கு எம்மிடமுள்ள விடை இதுவே: இக்கல்வியைப் பெற, யாரும் எம்மை அறியாத, நாமும் யாரையும் அறியாத ஓரிடம் எமக்கு வேண்டியிருந்தது.

அவ்வில்லத்தைக் குறைகூறியோரும் உண்டு. 1994ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் பிரித்தானிய மருத்துவ இதழின் ஆசிரியர் ரொபின் பொக்ஸ், கொல்கத்தா இல்லத்தைப் பார்வையிட்டபின், நோயை முறையாக நிர்ணயிக்கும் ஏற்பாடு போதாதென்றும், கடும் வலியைத் தணிக்கும் மருந்துகள் இல்லையென்றும் எழுதினார். அங்கு கண்ட தூய்மையையும், புண்களைப் பராமரிக்கும் விதத்தையும், கனிவையும் அவர் மறைக்கவில்லை. இதை நாம் இங்கு எடுத்துரைப்பதற்குக் காரணமுண்டு. நோயாளி முனகும்போது கையைப் பற்றிக்கொள்ள அன்பு போதும். வலியை ஆற்ற அறிவும் வேண்டும். இரண்டும் வேண்டுமென்று எண்ணிய எம்முள் ஒருத்தி, நாடு திரும்பியபின் தாதியர் பயிற்சியிற் சேர்ந்தாள். இன்று அவள் ஒரு தாதி.

மூன்றாம் வாரத்தில் ஒரு காலை, சுவரோரப் படுக்கையில் புதிய விரிப்பு விரிக்கப்பட்டிருந்தது. பாட்டி இரவிலேயே போய்விட்டார். அருகில் ஒரு அருட்சகோதரி இருந்தாராம். நாம் சிறிது நேரம் நின்றோம். பின்னர் மாஷி எம் தோளைத் தொட்டு, துவைக்கும் இடத்தைக் காட்டினார். குவியலில் அவருடைய போர்வையும் கிடந்தது. இருவர் எதிரெதிரே நின்று அதை முறுக்கிப் பிழிந்தோம். நண்பகலுக்குள் அது வெயிலிற் காய்ந்து, வேறொருவர்க்கு ஆயத்தமாயிற்று.

புறப்படும் தொண்டரை நடுவில் நிறுத்தி, ஏனையோர் பாடி விடைகொடுப்பது அங்குள்ள வழக்கம். எமக்கும் பாடினர். அடுத்த நாளே எமது இடத்தில் வேறு ஐவர் நின்றிருப்பர். அதில் எமக்கு வருத்தமில்லை. வாளி நிற்காமற் கைமாற வேண்டுமல்லவா?

அன்புத் தங்கையரே, உங்களுக்கும் இத்தகைய வாய்ப்புக் கிட்டுமானால் தயங்காது செல்லுங்கள். அந்த நாட்டு மொழியில் தண்ணீர், சோறு, மெதுவாக என்னும் மூன்று சொற்களையேனும் முன்னரே கற்றுக்கொள்ளுங்கள். அங்கே நிரந்தரமாக உழைப்போரிடம் வேலை பழகுங்கள். கமராவைப் பெட்டியினுள் வையுங்கள். கடல் கடக்கும் வாய்ப்புக் கிட்டாதோர் வருந்த வேண்டாம். எமது மாவட்டத்து முதியோர் இல்லமொன்றில் சனிக்கிழமைகளில் உடுப்புத் துவைக்கக் கைகள் தேவைப்படுகின்றன. ஊரில் இருக்கும் நாம் மூவர் அங்கு சென்று வருகின்றோம். அங்குள்ள ஆச்சிமாருக்கு எமது மொழி தெரியும். நாம் எந்த ஊரென்றும் அவர்கள் கேட்பார்கள். நாம் சொல்வோம். அவர்களிடம் அதை நாம் திருப்பிக் கேட்பதில்லை, "தண்ணி வேணுமே, ஆச்சி?" என்றே கேட்கின்றோம்.

பழைய மாணவியர் ஐவர்