தேரூர்க் குளத்தை வலம்வருதல்

அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்பில் சேரும் மாணவர்க்குத் தமிழ்நாடு அரசு விலையில்லா மிதிவண்டி வழங்குகிறது. அவ்வண்டி வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே ஒரே தடத்தில் ஓடுகிறது. படிப்பு முடிந்ததும் சுவரோரம் சாய்ந்துகிடக்கிறது. மாணவியரின் வண்டிகளே முதலில் முடங்குகின்றன என்பதை என் ஆசிரியப் பணியில் ஆண்டுதோறும் கண்டுவருகிறேன். வண்டிக்கு வேறு வழிகளும் உண்டு என்று காட்டும் விருப்பத்தால், கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் மாணவ மாணவியர் ஒன்பது பேருடன் தேரூர்க் குளத்தைச் சுற்றிவரப் புறப்பட்டேன்.

சுசீந்திரத்தை அடுத்துள்ளது தேரூர்; கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1876இல் பிறந்த ஊர். குளக்கரை, ஊர்ச்சாலை, வயலை ஒட்டிய வண்டித்தடம் ஆகிய மூன்றும் சேர்ந்து அங்கே ஓர் எளிய சுற்றுவழியாக அமைகின்றன. ஏற்றம் என்று சொல்லத்தக்கது கரையின்மேல் ஏறும் இடம் மட்டுமே.

“சார், இதற்கு மலை ஏறும் கியர் வண்டி வேண்டாமா?” என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. மண்தடத்தில் மிதிவண்டி ஓட்டுவதை உலகறிந்த விளையாட்டாக்கியவர்கள், 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டமால்பைஸ் மலைப்பகுதியில் ஓட்டித்திரிந்த இளைஞர்கள். அவர்கள் முதலில் பயன்படுத்தியவை பல ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட, அகன்ற டயர் பூட்டிய, கனமான பழைய வண்டிகளே. மலை மிதிவண்டி என்று தனியே ஒன்று உருவானது பிறகுதான். ஆகவே நம் வண்டி போதும் என்றேன். டயரில் காற்றைச் சிறிதளவு குறைத்தால் அது மண்ணில் கூடுதலாகப் பதிந்து பிடிக்கும். இளகிய மண்ணில் முன்பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் முன்சக்கரம் வழுக்கும். பின்பிரேக்கை முதலில் மெல்ல அழுத்தவேண்டும். மேடுபள்ளம் வரும்போது இருக்கையிலிருந்து சற்றே எழுந்து, மிதிகட்டைகளில் உடல் எடையைத் தாங்கிக்கொள்ளலாம். சக்கரத்தைக் குனிந்து பாராமல் பத்தடி முன்னே பார்த்து ஓட்டவேண்டும். இவ்வளவே நான் கற்பித்தது. மற்றவற்றைக் கரையே கற்பித்துவிட்டது.

கரைமேல் ஏறியவுடன் பேச்சு நின்றது. ஒருபுறம் தாமரையிலை மூடிய நீர்; மறுபுறம் கும்பப்பூப் பயிர் பச்சைகட்டிய வயல். தொலைவில் சுசீந்திரம் கோயிலின் ஏழுநிலைக் கோபுரம். தாமரையிலைகளின்மேல் நீண்ட விரல்களைப் பரப்பி இலைக்கோழி ஒன்று நடந்துசென்றது. நீலத்தாழைக்கோழிகள் கோரைக்குள் மறைந்தும் வெளிப்பட்டும் இரைதேடின. மத்திய ஆசியாவிலிருந்து தெற்குநோக்கி வரும் பறவைகளின் வான்வழி முடியும் முனையில் இக்குளங்கள் உள்ளன. சுசீந்திரம் தேரூர் ஈரநில வளாகம் 94.23 எக்டேர் பரப்புடையது. 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஏறத்தாழ 250 பறவையினங்கள் இங்குப் பதிவாகியுள்ளன. அவற்றுள் 53 வலசை வருபவை. இயற்கை தந்த ஏரி என்று இதனைக் கருதிவிடக் கூடாது. பாசனத்திற்காக மனிதர் மண் சுமந்து கட்டிய குளம் இது. ஒன்பதாம் நூற்றாண்டுச் செப்பேடுகளிலேயே இவ்வட்டாரத்துக் குளங்களின் பெயர்கள் காணப்படுகின்றன.

மடை அருகே முதியவர் ஒருவர் மண்வெட்டியுடன் நின்றிருந்தார். எங்கள் வண்டிகளை வரிசையாகப் பார்த்தார். அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. நாங்கள் இறங்கி நின்றோம்.

“பிள்ளைகள் ஓட்டட்டு சாரே, வேண்டாம்னு சொல்லல்ல. மழை பெஞ்சு கரை நனைஞ்சு கிடக்கும்போ மட்டும் ஏறாதீங்க. சக்கரம் போன தடத்துல தண்ணி கட்டும். அது அங்கேயே கிடக்காது, இறங்க வழி பாக்கும்” என்றார்.

அவர் காட்டிய இடத்தில், மோட்டார் வண்டி ஒன்று ஈரத்தில் சென்ற தடம் சாண் ஆழத்தில் காய்ந்துகிடந்தது. அதன் முனையில் மழைநீர் கரைச்சரிவை அரித்து ஒரு சிறு வாய்க்காலாகவே இறங்கியிருந்தது. மலைத்தடங்களில் மிதிவண்டி ஓட்டுவோர் உலகெங்கும் தமக்குள் வகுத்துக்கொண்ட விதிகளுள் ஒன்று, நனைந்த தடத்தில் ஓட்டாதிருத்தல். அதற்குரிய காரணத்தை நான் படித்து அறிந்திருந்தேன். அவரோ மண்வெட்டி பிடித்து அறிந்திருந்தார். கரை உடைந்தால் நமக்குப் போவது ஒரு காலைநேர இன்பம். அவருக்குப் போவது ஒரு பூ விளைச்சல்.

அப்படியானால் கரைமீது சிமெண்டுத் தளமிட்டு விளக்கும் போட்டுவிடலாமே என்று ஒரு மாணவி கேட்டாள். குழுவில் பாதிப்பேர் அவள் பக்கம். மாலையில் தனியே வரும் பெண்ணுக்கு விளக்கு துணை என்று அவள் சொன்னதை என்னால் எளிதில் தள்ளிவிட இயலவில்லை. எனினும் தளமிட்டால் மிதிவண்டிக்கு முன்னே மோட்டார் வண்டி வரும். அதன் பின்னே கடை வரும். இரவெல்லாம் வெளிச்சம் இருந்தால் கோரைக்குள் அடையும் பறவைகளுக்கு அமைதி இராது. ஊர்ச்சாலைக்கு விளக்கும், கரைக்கு மண்ணும் என்பது என் கருத்து. அவள் முழுதும் உடன்படவில்லை. வயல்தடம் முடியும்வரை அந்த வாதம் எங்களுடன் வந்தது. எதிரே புல்லுக்கட்டுடன் வந்தவர்களுக்கு வழிவிட்டு இறங்கியபோது மட்டும் இடையில் நின்றது.

அடுத்த வெள்ளி இரவு நல்ல மழை. சனி காலையில் நான் சொல்லுமுன்பே அந்த மாணவி, “இன்றைக்குக் கரை வேண்டாம் சார், ரோட்டுவழியே போவோம்” என்றாள். நாங்கள் ஊர்ச்சாலையில் சென்று, குளம் தெரியும் இடத்தில் வண்டிகளை நிறுத்தினோம். மறுகால் பாயும் ஓசை அங்குவரை கேட்டது.